மூடிய பெட்டியும் வெள்ளைத் தட்டும்

சென்ற ஞாயிறு மாலை பழைய அலுவலக நண்பர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். காபி வரும் வரை ஹாலில் இருக்கும் கண்ணாடி அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் என்ன இருக்கிறது என்று என் பழைய வாசகர்களுக்குத் தெரியும். புதியவர்களுக்காகச் சொல்கிறேன். ஜப்பானில் மகன் வீட்டில் தங்கியிருந்த காலத்தில், அங்கே 'கொம்பினி' என்று சொல்லும் இருபத்துநாலு மணி நேரக் கடைகளில் சாமான் வாங்கியதற்குக் கூடவே கொடுத்த பொருள்கள் அவை. ஐந்து வெள்ளைத் தட்டு, கரடி முகம் போட்ட கிண்ணம் ஒன்று, பதினேழு பொம்மைக் கார், உள்ளங்கை அகலத் துண்டு நாலைந்து, காகிதம் வைக்கும் பிளாஸ்டிக் ஃபைல் நாற்பதுக்கு மேல்.

அந்த நேரம் பார்த்து மாடியில் குடியிருப்பவர்களின் பெண் இறங்கி வந்தாள். ஒன்பது வயது. பிறந்தநாளுக்குக் கிடைத்த காசில் 599 ரூபாய் கொடுத்து ஒரு மூடிய பெட்டி வாங்கியிருக்கிறாள். உள்ளே ஆறு பொம்மைகளில் ஏதோ ஒன்று இருக்குமாம். எது என்று பிரித்தால்தான் தெரியும். பிரித்திருக்கிறாள். போன மாதம் வந்த அதே பொம்மை. "தாத்தா, இதை மாத்திக் குடுப்பாங்களா?" என்று என்னைக் கேட்டாள். பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். மாற்றித் தரப்படாது என்று பொடி எழுத்தில் இருந்தது. பெண் அழுதுகொண்டே மேலே போய்விட்டாள்.

"பாவம் கொழந்த" என்றேன்.

நண்பர் சிரித்தார். "என்ன முசே, நீங்க ஜப்பான்ல செஞ்சதத்தான் அந்தப் பொண்ணு இங்க செய்யுது. உங்க அலமாரியில இருக்கறது சேகரிப்பு, அவ கையில இருக்கறது ஏமாந்த கதையா?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. முப்பத்தாறு வருஷம் குறிப்பு எழுதிப் பிழைத்தவனுக்கு வாயால் பதில் சொல்ல வராது, எழுதினால்தான் வரும். ஆகவே எழுதுகிறேன். நண்பரே, இரண்டும் ஒன்றல்ல. ஆனால் நீங்கள் கேட்டதில் பாதி நியாயம் இருக்கிறது. அந்தப் பாதியையும் மறைக்காமல் சொல்கிறேன்.

முதலில் தட்டு. மகனுக்கு அங்கே உயர்திறன் பணியாளர் என்ற வகை விசா. அந்த வகைக்காரர்கள், வீட்டில் ஏழு வயது நிரம்பாத குழந்தை இருந்தால், அதைப் பார்த்துக்கொள்ளப் பெற்றோரை அழைத்து வைத்துக்கொள்ளலாம். வருமானத்துக்கும் ஒரு வரம்பு உண்டு. அப்படித்தான் 2015-இல் நானும் மனைவியும் போனோம். தோக்கியோவின் கிழக்கே, எதொகாவா வட்டத்தில் நிஷி கசாய் என்ற இடம். நம் நாட்டு மக்கள் நிறைய இருக்கும் பேட்டை, துவரம்பருப்புக்குக் கவலை இல்லை. பகலில் மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விடுவார்கள். பேரனைக் குழந்தைகள் பள்ளியில் விட்டபிறகு எங்களுக்கு ஊமை வாழ்க்கை. மொழி தெரியாத ஊரில் ஒரு கிழவன் தைரியமாக நுழையக்கூடிய இடம் கொம்பினி ஒன்றுதான். யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். நாடு முழுவதும் 55,000-க்கு மேல் இருக்கின்றன. ஜப்பானில் செவன் லெவன் கடை முதன்முதல் திறந்தது 1974 மே மாதம், எங்கள் பேட்டையிலிருந்து அதிக தூரமில்லாத தொயோசு என்ற இடத்தில்.

பிப்ரவரியில் ஒருநாள் மனைவி ரொட்டிப் பொட்டலத்தின் மேல் ஒட்டியிருந்த சின்ன ரோஜா நிற ஒட்டுத்தாளைக் காட்டி, "இது என்னங்க, நம்பர் போட்டிருக்கு?" என்றாள். மருமகள் விளக்கினாள். யமசாக்கி என்ற ரொட்டிக் கம்பெனி 1981 முதல் ஒவ்வொரு வசந்தத்திலும் நடத்தும் திருவிழா அது. ஒவ்வொரு பொட்டலத்திலும் அரைப் புள்ளி, ஒரு புள்ளி, அதற்கு மேலும் என்று இருக்கும். பிய்த்து ஓர் அட்டையில் ஒட்டிக்கொண்டே வரவேண்டும். இருபத்தைந்து முப்பது புள்ளி சேர்ந்ததும் அட்டையைக் கடையில் கொடுத்தால் ஒரு வெள்ளைத் தட்டு. குலுக்கல் கிடையாது. அட்டை நிரம்பினால் தட்டு உண்டு. யார் கொண்டுபோனாலும் உண்டு.

எனக்கு உடம்பு சிலிர்த்தது என்றால் நம்பமாட்டீர்கள். நம் ஊரில் பிரஞ்சுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் புரியும். 'போன் புவேன்' ஞாபகம் இருக்கிறதா? நல்ல பிள்ளையாய் உட்கார்ந்தால், சொல்வதெழுதுதலில் தப்பில்லாமல் இருந்தால், வாத்தியார் தீப்பெட்டி அளவில் ஓர் அட்டை கொடுப்பார். பத்து சேர்ந்தால் ஒரு படம். என் படம் ஒன்று சேவல், ஒன்று பாலம். பத்து என்றால் பத்துதான். ஒன்பது வைத்துக்கொண்டு அழுதாலும் கிடைக்காது, பத்து வைத்துக்கொண்டு எவனும் ஏமாந்ததும் கிடையாது. அரசாங்கம் என்றால் இப்படித்தான் இருக்கவேண்டும் என்று நான் முதலில் கற்ற இடம் அது. பின்னால் அரசாங்கத்தில் சேர்ந்தபிறகு கற்றது வேறு, அதை இன்னொரு நாள் சொல்கிறேன்.

முதல் தட்டை வாங்கி வீட்டுக்கு வந்து கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் பிரான்ஸ் என்று இருந்தது! ஜப்பான் ரொட்டிக் கம்பெனியின் இலவசத் தட்டு, பிரான்சின் வடக்கே பா தெ கலே மாநிலத்தில் ஆர்க் என்ற ஊர்த் தொழிற்சாலையில் செய்தது. 1825-இல் தொடங்கிய கண்ணாடிச் சூளை அது. பார்வைக்குப் பீங்கான் போல இருக்கும், உண்மையில் கெட்டிப்படுத்திய கண்ணாடி. லேசில் உடையாது. ஜப்பானியர் வீடுகளில் இருபது முப்பது வருஷத்துத் தட்டுகள் இன்னும் சோற்று மேசைக்கு வருகின்றன. எங்கள் ஐந்தும் அப்படியே இருக்கின்றன. நண்பர் வந்த அன்றைக்குக்கூட மெதுவடை அதில்தான் வந்தது. சாப்பிட்டுவிட்டுத்தான் கேள்வி கேட்டார்.

இனாம் என்று அதை நான் ஒருநாளும் சொன்னதில்லை. தட்டின் விலை ரொட்டியில் இருக்கிறது. ஆனால் ரொட்டி எப்படியும் வாங்கத்தான் போகிறோம், பேரன் காலையில் அதைத்தான் தின்பான். எத்தனை வாங்கினால் என்ன கிடைக்கும் என்பது முதல் நாளே தெரியும். பிடிக்காவிட்டால் ஒட்டுத்தாளைக் குப்பையில் போட்டுவிட்டு ரொட்டியை மட்டும் தின்னலாம்.

ஃபைல் கதையும் அதேதான். குறிப்பிட்ட சாக்லேட்டில் இரண்டோ மூன்றோ வாங்கினால், பக்கத்துத் தட்டில் அடுக்கியிருக்கும் ஏ4 அளவு பிளாஸ்டிக் ஃபைலில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். கார்ட்டூன் படம் போட்டிருக்கும். பிடித்ததை நாமே பார்த்து எடுத்துக்கொள்ளவேண்டியதுதான். தீர்ந்துபோனால் தீர்ந்தது. குமாஸ்தாவுக்கு ஃபைல் என்றால் சொல்லவேண்டுமா? என் ஓய்வூதியக் காகிதங்கள் இன்று ஏதோ நீலத் தலைமயிர்ப் பெண்ணின் படத்துக்குள் பத்திரமாக இருக்கின்றன. வங்கியில் எடுத்து நீட்டும்போது காசாளர் பெண் ஒவ்வொரு தடவையும் என் முகத்தைப் பார்க்கிறாள்.

பொம்மைக் கார்கள் கேன் காபியோடு வந்தவை. கேனின் தலையில் ஒளி ஊடுருவும் சின்னப் பை, அதற்குள் கார். எந்தக் கார் என்று வெளியே தெரியும். சரி, ஒப்புக்கொள்கிறேன். அந்தக் காபி எனக்குப் பிடிக்காது. கும்பகோணம் டிகிரி காபி கேட்ட நாக்குக்கு அது கஷாயம். பதினேழு காருக்காகப் பதினேழு கேன் குடித்தேன். அங்கே நான் கொஞ்சம் அசடு வழிந்தவன்தான். ஆனாலும் பார்த்துத்தான் வாங்கினேன். அசட்டுத்தனம் என்னுடையது, ஏமாற்று யாருடையதும் இல்லை.

இனி நண்பர் சொன்னதில் நியாயமான பாதிக்கு வருகிறேன். இதை இதுவரை நான் எழுதியதில்லை.

பேரனுக்கு அப்போது ஐந்து வயது. ரயில் பைத்தியம். கொம்பினியில் மிட்டாய் வரிசையில் ஒரு சின்ன அட்டைப்பெட்டி, விலை 300 யென், எட்டு ரயில்களில் ஒன்று உள்ளே. கம்பெனி பெயர் வேண்டாம், இப்போது அது கடைக்கு வருகிறதோ இல்லையோ. கூடவே ஒரே ஒரு சுவிங்கம் துண்டு. அட்டையின் பின்புறம் எட்டு ரயிலின் படமும் வரிசையாய் எண் போட்டு இருக்கும். முதல் பெட்டியில் வெள்ளை ரயில். இரண்டாவதில் பச்சை. பையன் துள்ளிக் குதித்தான். நானும்தான். வாரம் ஒன்று என்று பேச்சு. பிறகு இரண்டு. மூன்று மாதத்தில் ஏழு வகை சேர்ந்துவிட்டது, பாக்கி ஒரு சிவப்பு ரயில். மஞ்சள் ரயில் மட்டும் ஐந்து வந்திருந்தது.

அந்தச் சிவப்பு ரயிலுக்காக நாங்கள் பட்ட பாடு! பையன் பெட்டியைக் காதருகே வைத்துக் குலுக்கக் கற்றுக்கொண்டான். இரண்டு கையிலும் இரண்டு பெட்டியை வைத்து எடை பார்க்கக் கற்றுக்கொண்டான். மஞ்சள் வந்தால் அதைத் தொடுவதே இல்லை. சுவிங்கத்தை வாயில் போடாமலே பூங்காக் குப்பைத்தொட்டியில் எறிந்தான். சாப்பிடும் பொருளை எறியாதே என்று சொல்லவேண்டிய நான் பார்த்துக்கொண்டு நின்றேன், அடுத்த பெட்டிக்குச் சில்லறை இருக்கிறதா என்ற கவலையில். வேண்டாத ரயில்களை வீட்டுக்குக் கொண்டுபோனால் மருமகள் கேட்பாள் என்று என் குளிர்கோட்டின் உள்பையில் போட்டுக்கொண்டேன். ரசீதைக் கடை வாசலிலேயே கிழித்தேன். ஒருநாள் வீட்டுக் கதவருகே வந்ததும் பையன் சொன்னான்: "தாத்தா, அம்மாகிட்ட நாம கடைக்குப் போகலன்னு சொல்லிடலாம்."

ஐந்து வயது. நான் சொல்லிக்கொடுக்கவில்லை. நான் செய்ததைப் பார்த்தான்.

நான் சரி என்று தலையாட்டினேன். எழுபதைத் தாண்டி யோசித்துப் பார்க்கும்போது, அலுவலகத்தில் எத்தனையோ அழுத்தத்திலும் ஒரு பொய்க் கையெழுத்துப் போடாதவன், முந்நூறு யென் ரயிலுக்காக ஒரு குழந்தையோடு சேர்ந்து பொய்க்குத் தலையாட்டியிருக்கிறேன் என்பது இன்னும் கரிக்கிறது. கோட்டைச் சலவைக்குப் போட எடுத்த மருமகள் பதினாலு ரயிலை மேசைமேல் வரிசையாக வைத்தாள். கோபப்படவில்லை. "மாமா, இதுக்குப் பதிலா கடையில அந்தச் செவப்பு ரயில் ஒண்ணு தனியா கெடச்சா ஆயிரம் யென் குடுத்துக்கூட வாங்கிடலாமே. ஏன் அப்படி விக்கமாட்டேங்கறாங்க?" என்று மட்டும் கேட்டாள்.

அதுதான் கேள்வி. ஏன் அப்படி விற்பதில்லை?

அன்றிரவு காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டேன். பள்ளியில் கற்ற பின்னக் கணக்கு போதும். எட்டு வகையும் சம அளவில் கலந்திருக்கின்றன என்றே வைத்துக்கொள்வோம். முதல் பெட்டியில் எது வந்தாலும் புதிது. அதன்பின் புதியது வரும் வாய்ப்பு எட்டில் ஏழு, எட்டில் ஆறு என்று குறைந்துகொண்டே போகும். கடைசி ஒன்றுக்கு எட்டில் ஒன்றுதான். எட்டையும் சேர்க்கச் சராசரியாக 22 பெட்டி வாங்கவேண்டும். அதாவது 2,400 யென் சாமானுக்கு 6,600 யென். அதில் கடைசி ஒரு ரயிலுக்கு மட்டும் சராசரி எட்டுப் பெட்டி. இது சராசரிதான். அந்த எட்டையும் வாங்கிய பிறகும் மூன்றில் ஒருவருக்குச் சிவப்பு ரயில் கிடைத்திருக்காது. இந்த வியாபாரத்தின் லாபம் ரயிலில் இல்லை, சுவிங்கத்தில் சத்தியமாக இல்லை, அந்த ஐந்து மஞ்சள் ரயிலில் இருக்கிறது. குழந்தையின் ஏமாற்றம்தான் அங்கே விற்பனைச் சரக்கு.

ஜப்பானியர் இதை அறியாதவர்கள் அல்ல. மிட்டாய்க்குப் பொம்மை சேர்ப்பது அங்கே நூறு வருஷப் பழக்கம். கிளிகோ கேரமல் 1922-இல் வந்தது. அதை உண்டாக்கிய எசாக்கி ரீச்சி, குழந்தைக்குத் தின்பதும் விளையாடுவதும் இரண்டு பெரிய வேலைகள் என்று நினைத்து மிட்டாயோடு படமும் பொம்மையும் சேர்த்தார். அது ஒரு பரிசு, போய்விட்டுப் போகட்டும். ஆனால் யுத்தத்துக்குப் பிறகு கோபாய் என்ற கேரமல் கம்பெனி பேஸ்பால் ஆட்டக்காரர்களின் அட்டைகளை மிட்டாயில் வைத்து, ஒரு முழு அணியைச் சேர்த்தால் பரிசு என்றது. பிள்ளைகள் பைத்தியமானார்கள். பெற்றோர் எதிர்த்தார்கள். கம்பெனி 1954-இல் மூடப்பட்டது. 1971-இல் இருபது யென் நொறுக்குத்தீனி ஒன்றில் தொலைக்காட்சி வீரனின் அட்டை வந்தது. பிள்ளைகள் அட்டையை எடுத்துக்கொண்டு தீனியைச் சாக்கடையில் கொட்டினார்கள். 1985-இல் முப்பது யென் சாக்லேட்டில் தேவர், அசுரர் ஒட்டுப்படம் வந்தபோதும் அதே கதை. அரிய படம், சாதாரணப் படம் என்று பிரித்து ஆசை காட்டுவதைக் கண்டித்து 1988-இல் அந்நாட்டு வணிக நியாய ஆணையம் தலையிட்டது. 2025 ஆகஸ்டில்கூட ஒரு பர்கர் கடை சிறுவர் சாப்பாட்டோடு விளையாட்டு அட்டை கொடுத்தபோது, அட்டையை எடுத்துக்கொண்டு சாப்பாட்டை அப்படியே எறிந்தவர்களின் படங்கள் செய்தியில் வந்தன. தின்பண்டம் சாக்காகிவிட்டால் குப்பைக்குப் போவது தின்பண்டம்தான்.

இதற்காக அங்கே சட்டம் இருக்கிறது. 1962-இல் இயற்றியது. ஓய்வுபெற்ற குமாஸ்தாவுக்குப் பொழுதுபோக்கு வேறென்ன, மகனைப் படுத்தி விவரம் கேட்டுக் குறித்து வைத்தேன். வாங்கும் எல்லோருக்கும் கொடுக்கும் இனாம் என்றால், ஆயிரம் யெனுக்குக் குறைந்த வியாபாரத்தில் இருநூறு யெனுக்கு மேல் பெறுமானம் இருக்கக்கூடாது. அதற்கு மேல் என்றால் விலையில் ஐந்தில் ஒரு பங்கு. குலுக்கல் பரிசுக்கு வேறு வரம்பு. ஆனால் ஒன்று மட்டும் அடியோடு தடை: வெவ்வேறு வகை அட்டைகளைச் சேர்த்துக் கோவை முழுமையானால் பரிசு என்ற முறை. 2012-இல் கைபேசி விளையாட்டுகளில் இதே தந்திரம் நுழைந்தபோது இதே விதியைக் காட்டித்தான் நிறுத்தினார்கள்.

அப்படியானால் எங்கள் ரயில் பெட்டி எப்படித் தப்பியது? அங்கேதான் அந்த ஒற்றைச் சுவிங்கம் வருகிறது. பொம்மை இனாமாக வந்தால் சட்டம் பிடிக்கும். பொம்மையே சரக்கு, சுவிங்கம் கூடவே இருக்கிறது, அதனால் மிட்டாய் வரிசையில் வைத்திருக்கிறோம் என்றால் பிடிக்காது. எதற்கு எது இனாம் என்று தெரியாமல் செய்துவிட்டார்கள். எழுத்தைக் காப்பாற்றி விதியைக் கொல்வது எப்படி என்று எந்த அலுவலகத்தில் கற்றார்களோ!

பிரஞ்சுக்காரர்கள் இன்னும் கறார். 1951 மார்ச் 20-ஆம் தேதிச் சட்டப்படி பொருளோடு 'ப்ரீம்' சேர்த்து விற்பதையே தடுத்தார்கள், அற்ப விலைச் சாமானுக்கு மட்டும் விலக்கு. பின்னாளில் ஐரோப்பியச் சட்டத்தால் அது தளர்ந்துவிட்டது. அந்த அளவு கறாரும் எனக்கு உடன்பாடில்லை. அப்படிப் பார்த்தால் என் தட்டும் போய்விடும்.

இங்கே நண்பர் குறுக்கிடுவார், எனக்குத் தெரியும். "மூடிய பொட்டலத்துல என்ன இருக்கும்னு எதிர்பாக்கறது ஒரு சந்தோஷம் முசே. உங்க பள்ளிக்கூட விழாவுல 'பொஷேத் சுர்ப்ரீஸ்' வாங்கினது மறந்துபோச்சா?" மறக்கவில்லை. கூம்பு வடிவக் காகிதப் பொட்டலம், உள்ளே இரண்டு மிட்டாய், ஒரு ஊதல் அல்லது பம்பரம். என்ன வந்தாலும் சந்தோஷம்தான். ஏனென்றால் அதில் எண் கிடையாது. ஊதல் கிடைத்தவன் பம்பரம் கிடைக்காததற்காக அடுத்ததை வாங்கியதில்லை. அதுபோல, வரிசை எண் போட்டுச் சேர்ப்பதும் குற்றமில்லை. தபால்தலை சேர்க்கிறோமே. இல்லாததைக் கேட்டுப் பெற்று, உள்ளதைக் கொடுத்து மாற்றி, காசு இருந்தால் கடையில் பார்த்து வாங்கி. மறைவும் தனியாக இருந்தால் தீங்கில்லை, வரிசையும் தனியாக இருந்தால் தீங்கில்லை. இரண்டையும் ஒரே பெட்டியில் வைத்து ஒன்பது வயதுப் பெண்ணிடம் விற்பதைத்தான் சூது என்கிறேன். பெரியவர்கள் சீட்டுக்கட்டைத் தொட்டால் போலீஸ் வருகிறது.

அவர் காசு, அவர் இஷ்டம் என்பார்கள் சிலர். பெரியவர்களுக்குச் சரி. குழந்தைக்கு ஏது இஷ்டம்? ஐந்து வயதுப் பையனுக்கு எட்டில் ஒன்று என்பது விளங்குமா? அவனுக்கு விளங்குவது அடுத்த பெட்டியில் இருக்கும் என்பது ஒன்றுதான். எனக்கே அறுபத்தைந்து வயதில் அதற்கு மேல் விளங்கவில்லை. பெற்றோர் கண்டிக்கட்டும் என்பவர்களுக்கும் சொல்கிறேன்: பிள்ளையின் கண்மட்டத்துக்குச் சரியாக, பில் போடும் மேசைக்குப் பக்கத்தில் அடுக்கிவைப்பது யாருக்கு விற்க? பெற்றோருக்கா?

இப்போது உலகம் முழுவதும் பல்லை இளிக்கும் லபுபு பொம்மை ஓடுகிறதே, அதுவும் இந்த வகைதான். அதன் பெட்டியில் ரகசியப் பொம்மைக்கு எழுபத்திரண்டில் ஒன்று என்று வாய்ப்பையாவது அச்சிடுகிறார்கள். அதைப் பெற்ற சீனாவே 2023 ஜூனில் மூடிய பெட்டி வியாபாரத்துக்கு நெறிமுறை போட்டு, எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு விற்கக்கூடாது, வாய்ப்பு விகிதத்தை வெளியிடவேண்டும் என்றது. ஜப்பான் கொம்பினிகளில் நடக்கும் குலுக்கல் சீட்டிலும் ஒரு கண்ணியம் உண்டு. எத்தனை சீட்டு, எந்தப் பரிசு இன்னும் எத்தனை பாக்கி என்று பலகை வைத்திருப்பார்கள். பெரிய பரிசு போய்விட்டதென்றால் பார்த்துவிட்டு நடையைக் கட்டலாம்.

மாடி வீட்டுப் பெண்ணின் 599 ரூபாய்ப் பெட்டியில் ஆறு பொம்மைப் படம் இருந்தது. விகிதம் இல்லை. வயது வரம்பு இல்லை. மாற்றித் தரப்படாது என்பது மட்டும் இருந்தது.

நம்மிடம் சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 2(47), நேர்மையற்ற வணிக முறை என்பதற்கு விளக்கம். விலையிலேயே அடங்கியிருக்கும் ஒன்றை இலவசம் என்று காட்டுவது அதில் வருகிறது. விற்பனையைப் பெருக்க, விதிகள் அனுமதித்தவை தவிர, குலுக்கலோ அதிர்ஷ்ட விளையாட்டோ நடத்துவதும் அதில் வருகிறது. மூடிய பெட்டி என்ற சொல் மட்டும் இல்லை. பெட்டியே சரக்கு, குலுக்கல் எங்கே என்று விற்பவர் கேட்பார், அந்தச் சுவிங்கக்காரரைப் போல. அந்த ஓட்டையை அடைக்க ஓர் அறிவிக்கை போதும். மூன்று வரி. மூடிய பெட்டியில் வரிசை எண் போட்டு விற்கும் பொருளின் மேலட்டையில் ஒவ்வொரு வகைக்கும் வாய்ப்பு என்ன என்று எண்ணில் இருக்கவேண்டும். ஒரே பொம்மை இரண்டாம் முறை வந்தால், சேதமில்லாமல் கொண்டுவந்தால், மாற்றித் தரவேண்டும். குழந்தைகளுக்குப் பெரியவர் துணையில்லாமல் விற்கக்கூடாது. இரண்டாவதைத்தான் அவர்கள் எதிர்ப்பார்கள், ஏனென்றால் லாபம் அங்கே இருக்கிறது.

நம் தலைமுறைக்கு இதெல்லாம் புதிதில்லை. பினாக்கா பற்பசையில் வந்த குட்டி பிளாஸ்டிக் மிருகங்களை எத்தனை வீட்டில் சேர்த்தோம்! 1999 உலகக் கோப்பையின்போது பிரிட்டானியா பிஸ்கட் உறைகளில் 'ரன்' எண்ணி எண்ணி எங்கள் பிரிவில் தலைமை எழுத்தர் வரை வெட்டி வைத்தார்கள். பற்பசை தீர்ந்தால்தான் அடுத்த மிருகம். மாதத்துக்கு ஒன்று வந்தால் அதிகம், மனது தாங்கியது. இன்று பிள்ளைக்குக் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, கைபேசியில் யாரோ அந்நியன் பெட்டி பிரிப்பதைப் பார்ப்பது இரவில்.

நண்பர் இன்னொன்றும் கேட்டார். மருமகளிடம் பிடிபட்டபிறகு அந்தச் சிவப்பு ரயில் என்ன ஆயிற்று என்று. நாங்கள் அதற்கப்புறம் வாங்கவில்லை. பேரன் இரண்டு நாள் அழுதான், மூன்றாம் நாள் ரொட்டி ஒட்டுத்தாளைப் பிய்த்து அட்டையில் ஒட்டும் வேலையைப் பாட்டியிடமிருந்து வாங்கிக்கொண்டான். கோணல்மாணலாக ஒட்டுவான். அரையும் அரையும் ஒன்று என்று கூட்டக் கற்றது அப்படித்தான். ஐந்தாவது தட்டு அவன் ஒட்டிய அட்டைக்கு வந்தது. விளிம்பில் என் மனைவி நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்திருக்கிறாள், அடையாளத்துக்கு. மஞ்சள் ரயில் ஐந்தும் எங்கே என்று கேட்காதீர்கள். ஒன்று என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

மாடி வீட்டுப் பெண்ணிடம் இரண்டாவது பொம்மையை என்ன செய்யப் போகிறாய் என்று நேற்று கேட்டேன். பள்ளியில் யாரிடமாவது மாற்றிக்கொள்வாளாம். அவள் அம்மாவிடம் விலை 599 என்று சொல்லவில்லை, 199 என்று சொல்லியிருக்கிறாள். என்னையும் சொல்லவேண்டாம் என்றாள். இந்தத் தடவை நான் தலையாட்டவில்லை. மாலையில் அவளையே கூட்டிக்கொண்டு மேலே போய், அவளே சொல்லும் வரை நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பெண்ணுக்கு என்மேல் கோபம். நாலு நாள் பேசமாட்டாள் என்று நினைக்கிறேன்.

குடிமைப் பொருள் வழங்கல் மற்றும் நுகர்வோர் விவகாரத் துறைக்கு மனு ஒன்று தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன். ஒன்றரைப் பக்கம். மேலே சொன்ன மூன்று கோரிக்கையும், மேற்கோள் காட்டவேண்டிய பிரிவும் இருக்கின்றன. இணைப்பாக அந்தப் பெட்டியின் மேலட்டை நகல், பின்பக்கமும் சேர்த்து. வரும் வெள்ளிக்கிழமை காலை ஆறு மணி முதல் ஏழு வரை கடற்கரைச் சாலையில், பழைய கலங்கரை விளக்கத்துக்கு எதிர்ப் பெஞ்சில் இருப்பேன். பேரன் பேத்தி உள்ளவர்கள் வந்து கையெழுத்துப் போடலாம். பேனா நான் கொண்டுவருகிறேன். மனு நீலத் தலைமயிர்ப் பெண் படம் போட்ட ஃபைலில் இருக்கும், தேடவேண்டியதில்லை.